பாதி போல்ட் கையில், பாதி எஞ்சினுக்குள்

கேள்வி: ஐயா, என் காரில் கூலன்ட் கசிந்ததால் தெர்மோஸ்டாட் மூடியை நானே கழற்ற முயன்றேன். இரண்டு போல்ட்டுகளில் ஒன்று ஒழுங்காக வந்துவிட்டது. மற்றது பாதியில் முறிந்து, மேல்பரப்போடு மட்டமாக உள்ளே நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட் அலுமினியம், போல்ட் 6 மில்லிமீட்டர். முறிந்த போல்ட்டைப் பிடித்துத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். துளையிட்டு அதைச் செருகித் திருகினால் வந்துவிடுமா? இல்லை, ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்குமா?

பதில்: ஹெட்டைக் கழற்ற வேண்டாம். அந்த எக்ஸ்ட்ராக்டர் செட்டையும் இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். கைக்கு வந்த பாதி போல்ட் எங்கே? குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள். நான் 35 ஆண்டுகளாக எஞ்சின் பிரித்துச் சேர்க்கிறேன். முறிந்த போல்ட்டோடு யார் வந்தாலும் முதலில் அந்தத் துண்டைத்தான் கேட்டு வாங்குவேன். உள்ளே இருப்பது எப்படிச் சிக்கியிருக்கிறது என்பதை வெளியே வந்த பாதிதான் சொல்லும்.

அதன் முறிவு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுக்கப் புதிதாக, சாம்பல் நிறத்தில், சுழி போல முறுக்கிய கோடுகளோடு இருந்தால், உங்கள் கை கொடுத்த முறுக்கில் அது அறுந்திருக்கிறது. ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மிச்சம் மட்டும் பளபளத்தால், விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது. நீங்கள் கடைசி இழையை மட்டும் அறுத்திருக்கிறீர்கள். அடுத்து மரைகளை, அதாவது போல்ட்டின் திருகு வரிகளைப் பாருங்கள். மாவு போல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா? தெர்மோஸ்டாட் மூடி என்பதால் இருக்கும் என்றே நினைக்கிறேன். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கூலன்ட் கசிந்து இறங்கினால், அலுமினியம் அரிக்கப்பட்டு ஆக்சைடாக மாறும். அந்த ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு; அதற்குள் அது பொங்கி, போல்ட்டைச் சுற்றிச் சிமெண்ட் போட்டதுபோல் இறுக்கிவிடும்.

இனி எக்ஸ்ட்ராக்டரை ஏன் தள்ளி வைக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். 6 மில்லி போல்ட்டில் மரையின் அடிவரை கணக்கிட்டால் நடுத்தண்டு ஏறத்தாழ 4.8 மில்லிதான். ஸ்பேனர் கொடுத்த முறுக்கை அந்தத் தண்டு தாங்கவில்லை. அதற்குள் 3 மில்லி துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரைச் செருகினால், அதன் தண்டும் 3 மில்லிக்கு மேல் இருக்க முடியாது. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்கு. 4.8 மில்லிக்கும் 3 மில்லிக்கும் கணக்குப் போட்டால் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. எக்ஸ்ட்ராக்டர் இன்னும் கடினமான எஃகுதான். ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாது, கண்ணாடி போல் நொறுங்கும். போதாததற்கு, அதன் முனை கூம்பு வடிவம். இறங்க இறங்க, துளையிட்டு மெலிந்துபோன போல்ட்டை வெளிப்பக்கமாக விரித்து, ஏற்கெனவே சிக்கிய மரையை இன்னும் இறுக்கும். அரிப்பால் பிடிபட்ட போல்ட்டுக்கு அது ஏற்ற கருவி அல்ல. தலை மட்டும் துண்டித்து, மரை இளகி நிற்கும் போல்ட்டுகளுக்கு அது நன்றாகவே உதவும்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். இன்று மாலை துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, பஞ்ச் என்ற சிறிய இரும்புக் குத்துளியால் முறிவு முகத்தில் நான்கைந்து மெல்லிய தட்டு கொடுங்கள். இரவு படுக்குமுன் இன்னொரு முறை. எண்ணெய்க்கு நேரம் கொடுப்பதைத்தான் நம்மவர்கள் தவிர்க்கிறார்கள். ஊற்றிய ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனர் பிடித்தால், ஊற்றியதும் ஊற்றாததும் ஒன்றுதான்.

மறுநாள் சூடு. சூடாக்க வேண்டியது போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை. ஒரு மீட்டர் நீளத்தை 100 டிகிரி சூடாக்கினால் அலுமினியம் சுமார் 2.3 மில்லி நீளும், எஃகு சுமார் 1.2 மில்லிதான் நீளும். உங்கள் 6 மில்லி துளையில் இந்த வேறுபாடு ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஆறேழு பங்கு, அதாவது தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒன்று. கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆக்சைடின் பிடி தளர அதுவே போதும். ஹீட் கன் மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் ரப்பர் குழாய், பிளாஸ்டிக், எரிபொருள் குழாய் எல்லாம் இருக்கும் இடம் அது. அதோடு அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலேயே உருகிவிடும். ஒரு துளி தண்ணீர் தெறித்தால் கொதித்துத் துள்ள வேண்டும், அந்தச் சூடு போதும்.

துளையிடும்போதுதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். எஃகு கடினம், அலுமினியம் மென்மை. நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் டிரில் பிட் மென்மையான பக்கமாகவே ஓடும். போல்ட்டை விட்டுவிட்டு ஹெட்டைத் துளைக்கும். இதைத் தடுக்க உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிதான் அது. முறிவு முகத்தைச் சமமாக்கி, வந்துவிட்ட நல்ல போல்ட்டால் மூடியைத் திரும்பப் பொருத்துங்கள். முறிந்த போல்ட்டின் துளை இப்போது போல்ட்டுக்கு நேர் மேலே நிற்கும். லேத் பட்டறையில் ஒரு சின்ன புஷ், அதாவது குட்டி உலோகக் குழல், கடைந்து வாங்குங்கள்: வெளி விட்டம் மூடியின் துளைக்குச் சரியாக, உள் விட்டம் 3 மில்லி. அதைத் துளைக்குள் இறக்கி, அதன் வழியாகத் துளையிட்டால் பிட் நடுவை விட்டு நகர முடியாது. புஷ் கடைய அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு ஹெட் சரிசெய்ய நான் நாட்கணக்கில் உழைத்திருக்கிறேன்.

பிட் இடச்சுற்று வகையாக இருக்கட்டும். டிரில் மெஷினைப் பின்னோக்கிச் சுற்ற வையுங்கள். அது வெட்டும் திசையும் போல்ட் கழலும் திசையும் ஒன்றே. எண்ணெயும் சூடும் தம் வேலையைச் செய்திருந்தால், 3 மில்லி பிட் பாதி ஆழம் போகும்போதே போல்ட் துண்டு அதோடு ஒட்டிக்கொண்டு சுழன்று மேலே வந்துவிடும். என் கையில் எத்தனையோ முறை அப்படி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு குளிரும். வெட்டு எண்ணெய் விடுங்கள், வேகத்தைக் குறைத்து நிதானமாக அழுத்துங்கள். சீவல் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. பொடியாக வந்தால் மழுங்கி உரசுகிறது, உடனே மாற்றுங்கள். எவ்வளவு ஆழம் என்பதற்கு, புதிய போல்ட்டின் நீளத்தோடு கையிலுள்ள துண்டை ஒப்பிட்டு, மிச்ச அளவைப் பிட்டில் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்வழியின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். இரும்புத் தூளைக் காந்தம் எடுக்கும், அலுமினியத் தூளை எடுக்காது. அதற்குப் பிட்டில் கிரீஸ் தடவினால் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியும் வரவில்லை என்றால் 4 மில்லி, பிறகு 5 மில்லி. டேப் என்ற மரை வெட்டும் கருவியால் 6 மில்லி மரை வெட்டுவதற்கான துளை அளவு 5 மில்லிதான். துளை நடுவில் இருந்தால், அந்த அளவுக்குப் போனதும் போல்ட்டின் உடல் முழுக்கக் கரைந்து, மரை மட்டும் சுருள் கம்பி போல் சுவரில் ஒட்டியிருக்கும். கூரான ஊசியால் அதன் நுனியைக் கிளப்பி, குறடால் சுருட்டி இழுத்துவிடலாம். பிறகு 6 மில்லி டேப்பை எண்ணெய் விட்டு, கையால் மட்டும் ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

மரை சிதைந்தாலும் கலங்க வேண்டாம். 6.3 மில்லிக்குத் துளையைப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளைப் பதிக்கலாம். ஹெலிகாயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். பதித்த பின் அதன் அடியிலுள்ள குறுக்குக் கம்பியை முறித்து வெளியே எடுக்க மறக்காதீர்கள். அலுமினியத்தில் நேராக வெட்டிய மரையைவிட இந்தச் சுருள் மரை உறுதியாகவே நிற்கும்.

கேள்வி: உங்கள் பத்தியைத் தாமதமாகப் படிக்கிறேன். நான் எக்ஸ்ட்ராக்டரைப் போட்டுத் திருகி, அதுவும் உள்ளே முறிந்துவிட்டது. எந்த டிரில் பிட்டும் அதில் ஏறவில்லை. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டு, ஒருவருடைய அலுமினிய ஹெட்டில் இதையே நான் செய்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். எக்ஸ்ட்ராக்டர் முறிந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பிறகு பயத்தில் பிட் பிட்டாக மழுக்கினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எக்ஸ்ட்ராக்டரும் சாதாரண டிரில் பிட்டும் ஏறக்குறைய ஒரே கடினம். ஒன்று மற்றொன்றைத் துளைக்காது. வழுக்கிப் போய் அலுமினியத்தைத்தான் தின்னும்.

முறிந்த முனை கண்ணுக்குத் தெரிந்தால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, கூரான கடினக் குத்துளியால் ஓரிரு அடி கொடுத்துப் பாருங்கள். நொறுங்கும் குணமே இங்கே நமக்கு உதவும்; துண்டு துண்டாக உடைந்து ஊசியில் எடுக்க வரலாம். இரண்டு மூன்று அடியில் நொறுங்கவில்லையென்றால் நிறுத்துங்கள், அலுமினியம் விரிசல் விடும். அடுத்தது கார்பைடு பிட். அது எக்ஸ்ட்ராக்டரை வெட்டும்; ஆனால் கையில் பிடித்த மெஷின் சற்று ஆடினாலும் ஒடியும். ஹெட்டை இயந்திர மேசையில் அசையாமல் பொருத்த முடிந்தால் மட்டுமே அதைத் தொடுங்கள்.

நிச்சயமான வழி மின்பொறி அரிப்பு. பட்டறைகளில் ஸ்பார்க் மெஷின் என்பார்கள். மின்முனை ஒன்றைத் திரவத்துக்குள் எக்ஸ்ட்ராக்டரை ஒட்டிக் கொண்டுபோய், நொடிக்கு ஆயிரக்கணக்கில் சிறு பொறிகளைப் பாய்ச்சும். ஒவ்வொரு பொறியும் ஒரு துணுக்கை உருக்கிப் பறிக்கும். உலோகம் எவ்வளவு கடினம் என்பது பொறிக்கு ஒரு பொருட்டே அல்ல. மின்சாரம் கடத்தினால் போதும். 1943இல் சோவியத் நாட்டில் லசாரென்கோ தம்பதியர் இந்த முறையை உருவாக்கினார்கள். அவர்கள் ஆராயப் புகுந்தது வேறு சிக்கலை: மின்தொடர்பு முனைகள் தம் பொறியாலேயே தேய்ந்துபோவதைத் தடுப்பது எப்படி என்பதை. அந்தக் காலத்து வாகன எஞ்சின்களைப் பெரிதும் படுத்திய சிக்கல் அது. தேய்மானத்தைத் தடுக்க முடியாமல் போய், அந்தத் தேய்மானத்தையே கருவியாக்கிவிட்டார்கள். எஞ்சினில் தொடங்கிய ஆராய்ச்சி இன்று உங்கள் எஞ்சினுக்கே உதவப்போகிறது. அச்சு வார்ப்பு செய்யும் பட்டறைகளில் விசாரியுங்கள். என் முதல் ஹெட்டும் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது, மரைக்குக் கீறல்கூட இல்லை.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (ஹெட்டில் பொருத்திய புகைக் குழாய்த் தொகுப்பை) பிடிக்கும் கடைசி ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். ஸ்டட் 5 மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட் வார்ப்பிரும்பு. வெல்டிங் செய்து எடுப்பதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம். 5 மில்லி வெளியே நிற்பது பெரிய நல்வாய்ப்பு. பாதி வேலை முடிந்ததுபோல. முறிந்தது கடைசி ஸ்டட் என்பதும் தற்செயல் அல்ல. மேனிஃபோல்ட் சூட்டில் நீளும்போது நடுவைவிட இரு முனைகளும்தான் அதிகம் நகரும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் முனையிலுள்ள ஸ்டட் பக்கவாட்டில் இழுபட்டு, கடைசியில் அறும்.

முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே வெல்டிங்கால் நிரப்புவார். ஸ்பேனர் பிடிக்கப் புதிய தலை கிடைப்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், வெல்டிங் சூடு நேராகத் தண்டுக்குள் இறங்குவது. சிவந்த தண்டு விரிய இடமில்லாமல் நசுங்கும். ஆறும்போது சுருங்கித் துருவின் பிடியை அறுத்துக்கொள்ளும். ஆகையால் வெல்டிங் முடித்த கையோடு திருகக் கூடாது. சிவப்பு மறைந்து சற்று ஆறட்டும். சூடு இருக்கும்போது மெழுகுவத்தியை அடியில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஓடும், அது நல்ல மசகு. பிறகு முதலில் இறுக்கும் திசையில் ஓர் இம்மி, அப்புறம் கழற்றும் திசையில் ஓர் இம்மி. இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டியே வெளியே கொண்டுவர வேண்டும். முதல் நட்டு பிய்ந்தால் இன்னொன்று வைக்கலாம். நான்காவது நட்டில் வந்ததும் உண்டு.

அவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வெல்டிங்கின் எர்த் கிளாம்பை ஸ்டட்டுக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. துடைப்பதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்திவிட்டு அந்த இடத்தில் வெல்டிங் செய்யக் கூடாது; வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சிறிதளவு சுவாசித்தாலும் நுரையீரலைத் தாக்கும். தெரிந்தவர்கள்கூட அவசரத்தில் மறந்துவிடுவது இது.

ஸ்டட் வந்த பின் மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் கோணியிருந்தால் புதிய ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும்.

கேள்வி: எல்லாப் போல்ட்டுகளுக்கும் எண்ணெய் தடவி முடுக்கினால் துருவே பிடிக்காது என்கிறார் என் அண்ணன். அப்படியே செய்யலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம், சகோதரி. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடும். மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கும். எண்ணெய் தடவி உராய்வைக் குறைத்துவிட்டு, உலர்ந்த மரைக்குச் சொன்ன அதே அளவில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தால், போல்ட்டின் மேல் இழுவை மிக அதிகமாகிவிடும். எக்ஸாஸ்ட் போன்ற சூடான இடங்களுக்கு மட்டும், தயாரிப்பாளர் கையேடு தடை சொல்லாவிட்டால், மரை ஒட்டாமல் காக்கும் செம்பு கிரீஸைத் துளியளவு தடவி, முறுக்கைச் சற்றுக் குறைத்து முடுக்கலாம். அடி மூடிய துளைகளில் எண்ணெய் தேங்கவே கூடாது. போல்ட் இறங்கும்போது எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல், வார்ப்பையே பிளந்துவிடும்.

கேள்வி: நான் பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த மாதம் மட்டும் மூன்று போல்ட்டுகளை முறித்துவிட்டேன். முதலாளி திட்டுகிறார். எனக்கு இந்தத் தொழில் வராதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, ஒரே மாதத்தில் மூன்று என்பதைக் கேட்டு நான் கவலைப்படவில்லை. முறிந்ததை மறைக்காமல் எண்ணி வைத்திருக்கிறாய், அது எனக்குப் பிடித்திருக்கிறது. என் ஆசிரியர் எனக்குச் செய்ததை உனக்குச் சொல்கிறேன். பழைய எஞ்சின் ஒன்றை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போல்ட் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கையில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

நல்ல போல்ட் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும், அதன் பின் ஒரே சீராகச் சுழலும். துருப்பிடித்தது கிறீச்சிடும், அந்தச் சத்தம் இருக்கும்வரை மரை நகர்கிறது என்று பொருள், பயப்படாதே. சத்தமே இல்லாமல், தடித்த ரப்பரைத் திருகுவதுபோல் ஸ்பேனர் மெதுவாக இழுபட்டு வந்தால்தான் ஆபத்து. தலை சுழல்கிறது, அடி நிற்கிறது, நடுவில் தண்டு முறுக்கேறுகிறது. அந்த உணர்வு கைக்கு வந்த நொடியில் நிறுத்திவிடு. சற்றுத் திரும்ப முடுக்கு, எண்ணெய் விடு, தலையில் நேராகச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டு, போய் வேறு வேலையைப் பார்.

இன்னொன்று, 6 மில்லி போல்ட்டுக்கு நீளமான கைப்பிடி எடுக்காதே. சாதாரண 8.8 வலுத் தர 6 மில்லி போல்ட்டை முடுக்க 10 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். அரை மீட்டர் கம்பியின் நுனியில் அது இரண்டு கிலோ தூக்கும் பலம். அவ்வளவு சிறிய பலத்தை உன் தோள் உணராது, மணிக்கட்டு உணரும். சின்ன ஸ்பேனரால் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பழகு. நாளை காலையே முதலாளியிடம் ஒரு கழிவு எஞ்சின் கேள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் மூடியில் ஒரே போல்ட்டோடு, பசை தடவி நாலு நாள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. சூடான எஞ்சினில் கூலன்ட் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தில் நிற்கிறது. ஒரு போல்ட் மட்டும் பிடித்தால் மூடி மறுபக்கம் வாய் பிளக்கும், பசை அதைத் தாங்காது. கூலன்ட் வடிந்து போனால் வெப்பமானியே சரியாகக் காட்டாமல் போகலாம். நீங்கள் கவனிப்பதற்குள் அலுமினிய ஹெட் கோணிவிடும். வண்டியை நின்ற இடத்திலேயே விடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்லுங்கள்.